மடிப்பு அக்காவின் வாக்குமூலம்

என் அண்ணியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாருமில்லை. எனக்கு அண்ணி, என் அண்ணனுக்கு 'இந்தாம்மா', வேலை செய்யும் இடத்தில் 'மடிப்பு அக்கா'. பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிப்பது அவர் வேலை. அவர் மடித்து அடுக்கினால் ஓரங்களெல்லாம் ஒரே கோட்டில் நிற்கும். ஒரு விரல்கடை கோணல் இருந்தாலும் பிரித்து மறுபடி மடிப்பார். வீட்டிலும் அதே கதைதான். நான் மடித்து வைத்த துண்டை என் கண்ணெதிரிலேயே, ஒரு வார்த்தை பேசாமல், பிரித்து மடிப்பார். இந்த அவமானத்தைத் தாங்கிக்கொண்டுதான் பக்கத்துப் போர்ஷனில் இத்தனை காலமாகக் குடியிருக்கிறேன். எனக்குத் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. அவருக்கு நான் இன்னும் 'பாப்பா'தான்.

நான் வாயாடி. மருந்துக்கடைக் கவுண்டரில் நின்று நாலு பேரிடம் கத்திக் கத்தி வாய் நீண்டுவிட்டது. அண்ணி நேர் எதிர். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாது. கடைக்காரன் அழுகின தக்காளியைக் கொடுத்தால்கூட, "நான்தான் பாத்து எடுக்கல" என்பார். அதைக் கேட்டு நான் தலையில் அடித்துக்கொண்ட நாட்கள் உண்டு.

அன்று காலை அண்ணன் சரக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போயிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் தகரம் பிளந்ததுபோல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் குளியலறை முழுக்க ஆவி. ஹீட்டரின் வெளிக்குழாய் பிய்த்துக்கொண்டு தொங்கியது. கொதிக்கிற தண்ணீர் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. அண்ணி மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார். வலது தோளிலிருந்து விரல் நுனி வரை வெந்துபோயிருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நிலையிலும் அவர்தான் சொன்னார், "பாப்பா, மொதல்ல ஸ்விட்ச ஆஃப் பண்ணு. உனக்கு ஷாக் அடிச்சிடப் போகுது."

வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத ஹீட்டர் அது. வாரண்டி அட்டை அலமாரியில், அழகாக மடித்து, இருந்தது.

ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து தோலை எடுத்துக் கையில் வைத்தார்கள். கட்டு மாற்றும் ஒவ்வொரு தடவையும் நான் வெளியே நின்று காதைப் பொத்திக்கொண்டேன். உள்ளேயிருந்து சத்தமே வராது. அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை. கத்தித் தொலைத்தால் என்ன? நர்ஸே ஒருநாள் சொன்னாள், "அழுங்கம்மா, பரவால்ல." அண்ணி அவளிடம் மன்னிப்புக் கேட்டார்.

வீட்டுக்கு வந்தபோது சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கைப் பக்கமாக மடங்கிப்போயிருந்தன. நீட்ட வரவில்லை. புதுத்தோலுக்கு வெப்பம் ஆகாது, இனிமேல் அனல் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேய்க்கிற வேலை அதோடு முடிந்தது. விரல்களை நிமிர்த்த இன்னும் இரண்டு ஆபரேஷனாவது வேண்டும் என்றார்கள். அதற்கு எங்கே போவது?

இந்த நேரத்தில்தான் ஹீட்டர் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் சிரிக்கிறவர், மற்றவர் பெட்டி தூக்குகிறவர். புது ஹீட்டர் இலவசம், மருத்துவச் செலவில் கொஞ்சம் தருகிறோம், ஒரு கையெழுத்து போதும், பழைய ஹீட்டரை நாங்களே கழற்றி எடுத்துப் போய்விடுகிறோம் என்றார் சிரிக்கிறவர். என் அண்ணன் நல்ல மனுஷன்தான். ஆனால் இலவசம் என்று யாராவது சொன்னால் அவருக்கு முதுகெலும்பு இளகிவிடும். நான் போய்ச் சேர்வதற்குள் பழைய ஹீட்டர் கழற்றப்பட்டு வாசல்வரை வந்துவிட்டது. அண்ணன் ஆஸ்பத்திரிக் காகிதங்களையெல்லாம் வேறு எடுத்துக் காட்டியிருக்கிறார்.

"இது யார் பேர்லயும் வழக்கு வேண்டாம்னு நல்லெண்ணத்துல தர்றதுங்க," என்றார் சிரிக்கிறவர். "பாருங்க, உங்க காகிதத்துலயே எழுதியிருக்கு. நோயாளியின் கவனக்குறைவால் ஏற்பட்ட விபத்து. அவங்களே டாக்டர்கிட்ட சொல்லியிருக்காங்க."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததென்று தெரியவில்லை. என்ன சொல்வதென்றும் தெரியவில்லை. அதனால் அந்த ஹீட்டர் மேல் உட்கார்ந்துவிட்டேன். பெட்டி தூக்குகிறவர் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். அண்ணன், "எந்திரி, ஊரே பாக்குது" என்றார். "பாக்கட்டும்," என்றேன். அவர்கள் புது ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போகும்வரை நான் எழுந்திருக்கவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த உருப்படியான காரியம் அதுதான் என்று எங்கள் வழக்கை எடுத்த வக்கீலம்மா பிற்பாடு சொன்னார்.

அவர்கள் போனதும் அண்ணியைப் பிடித்துக்கொண்டேன். "டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க?"

அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எப்படி ஆச்சுன்னு கேட்டாரு. நான்தான் பாக்காம கைய வெச்சுட்டேன்னு சொன்னேன்."

"எங்க வெச்சீங்க? குழாயைத் திறந்தீங்க, அது வெடிச்சுது. இதுல எங்க கை வந்துச்சு?"

"வாயில வந்துடுச்சு பாப்பா. சுட்டா அதுதானே சொல்லுவோம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சலவைக்கூடத்தில் விரிப்பைத் தேய்க்கும் பிரஸ் மெஷினுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி விரிப்பை இழுத்துப் பரப்புவாள். மற்றவள் பெடலை மிதிப்பாள், கொதிக்கிற மேல்தட்டு இறங்கும். மாதத்துக்கு ஒருத்திக்காவது சுடும். சுட்டால் சூப்பர்வைசர் வந்து கேட்பார், "யாரால ஆச்சு?" பெடல் மிதித்தவள் பெயரைச் சொன்னால் அவள் வேலை போகும். மெஷின் சரியில்லை என்றால் மெஷினை நிறுத்துவார்கள், அன்றைக்கு எல்லோருக்கும் கூலி போகும். அதனால் அங்கே எவளுக்குச் சுட்டாலும் ஒரே பதில்தான்: நான்தான் பாக்காம கைய வெச்சுட்டேன். புதிதாகச் சேருகிற பெண்ணுக்கு மடிக்கச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் இதைச் சொல்லிக் கொடுப்பார்களாம். தும்மினால் கண் மூடுகிற மாதிரி, சுட்டால் இந்த வாக்கியம் வந்துவிடும். அண்ணிக்கும் வந்துவிட்டது.

என் கடை முதலாளி ஒரு பெண் வக்கீலிடம் அனுப்பினார். கறுப்பு கோட்டின் முழங்கை வெளுத்துப்போன, பேச்சில் தேன் தடவாத அம்மாள்.

"அந்த ஹீட்டரை யாரும் தொடாதீங்க. திறக்காதீங்க, தொடைக்காதீங்க, ரிப்பேர் பண்றேன்னு யாரும் கை வைக்காதீங்க. அதுதான் உங்க முக்கியமான சாட்சி," என்றார் முதலில். பிறகு வழிகளைச் சொன்னார். கம்பெனி கொடுப்பதை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடலாம், ஆனால் அதற்கப்புறம் வாய் திறக்க முடியாது. போலீசில் புகார் கொடுக்கலாம், அது தப்பு செய்தவனைத் தண்டிக்கத்தான், வைத்தியச் செலவு தராது. சிவில் கோர்ட்டுக்குப் போகலாம், ஆனால் வருஷக்கணக்கில் இழுக்கும். "நுகர்வோர் மன்றம்தான் உங்களுக்குத் தோது. செஞ்சவங்க, வித்தவங்க, மாட்டிவிட்டவங்க, மூணு பேரையும் சேர்த்துடலாம். யார் தப்புன்னு அவங்களுக்குள்ள அடிச்சுக்கட்டும். கெடு இருக்கு, தள்ளிப் போடாதீங்க."

பில், வாரண்டி அட்டை, காயத்தின் படங்கள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "இதுதான் சிக்கல். அங்க வந்து நீங்க சொல்லணும்மா, இது என் தப்பு இல்லன்னு. எங்க, ஒருதரம் சொல்லுங்க பாப்போம்."

அண்ணி வாயைத் திறந்தார். மூடினார். "எனக்கு அப்படிப் பேசி பழக்கமில்லீங்க," என்றார்.

வீட்டில் நான் சொல்லிக் கொடுத்தேன். கெஞ்சினேன், திட்டினேன். கிளிக்குக்கூட வந்திருக்கும். அவருக்கு வரவில்லை. "அது என் தப்பு..." என்பதோடு நின்றுவிடும்.

மன்றத்தின் உத்தரவுப்படி ஹீட்டரை ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். தண்ணீர் சூடானதும் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய பாகம் ஒட்டிப்போயிருந்தது, அழுத்தத்தை வெளியேற்ற வேண்டிய வால்வு தயாரிக்கும்போதே அடைபட்டிருந்தது என்று அறிக்கை வந்தது. நான் துள்ளிக் குதித்தேன். வக்கீலம்மா குதிக்கவில்லை. "அவங்க சும்மா இருக்க மாட்டாங்க," என்றார்.

இருக்கவில்லை. விசாரணை நாளில் எங்களோடு குருவியும் வந்திருந்தாள். குருவி, சலவைக்கூடத்தில் அண்ணியோடு ஒரே மெஷினில் நின்றவள். ஆள் சிறியவள், ஓயாமல் பேசுவாள், அதனால் அந்தப் பெயர். விரல்களை நீட்ட முடியாத அண்ணிக்குப் புடவை கட்டிவிடுவதற்காகக் காலையிலேயே வந்து, அப்படியே ஒட்டிக்கொண்டாள். மன்றம் என்றால் நான் என்னவோ நினைத்திருந்தேன். தபால் ஆபீஸ் மாதிரி ஓர் அறை, ஆடுகிற மின்விசிறி, நீளமான மேசைக்குப் பின்னால் களைத்த முகத்தோடு நீதிபதி.

கம்பெனி வக்கீல் சலவைக்கூடத்துப் பதிவேடுகளை வரவழைத்திருந்தார்.

"அறிக்கை இருக்கட்டுங்க. குழாய் சீறுறது கேட்டும் திறந்தா யார் பொறுப்பு?" என்றவர், அண்ணியின் பக்கம் திரும்பினார். "நீங்க வேலை செய்யிற இடத்துல இதுவரை அஞ்சு தடவை கை சுட்டிருக்கு. அஞ்சு தடவையும் 'என் கவனக்குறைவு'ன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஆஸ்பத்திரியிலயும் அதையேதான் சொல்லியிருக்கீங்க. ஆக, கவனமில்லாம இருக்கிறது உங்க சுபாவம். சரிதானே?"

 கோணல் பொறுக்காத மனுஷிக்கா கவனமில்லை? அந்த ஐந்தில் ஒன்றுகூட அவர் செய்ததில்லை. எல்லாம் மற்றவர்களுக்காகப் போட்டுக்கொண்ட பழி. அதையே வரிசையாக அடுக்கி அவர் தலையில் வைக்கிறான். ஆனால் நான் பேசினால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று வக்கீலம்மா முன்பே மிரட்டியிருந்தார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார்.

"கடைசியா சுட்டப்போ என்ன ஆச்சு? யாராவது உங்க கை மேல தட்டை இறக்கினாங்களா? அப்படின்னா பேரைச் சொல்லுங்க," என்றார் அவர்.

அண்ணி சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆபரேஷன் போகட்டும், விரல் போகட்டும், ஒரு பெண்ணின் பெயரை மட்டும் அவர் வாயிலிருந்து வாங்க முடியாது. வழக்கு எங்கள் கையைவிட்டுப் போகிறது என்று நினைத்தேன்.

பின்வரிசையில் நாற்காலி கிரீச்சிட்டது. குருவி எழுந்து நின்றிருந்தாள். எப்போதும் கீச்சுக்கீச்சென்று பேசுகிறவளுக்குக் குரலே வரவில்லை.

"ஐயா... அது நான்தாங்க. நான்தான் மிதிச்சேன்."

"உட்காருங்கம்மா. உங்களை யாரும் கூப்பிடல," என்றார் நீதிபதி. கம்பெனி வக்கீல் திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஓ! அப்ப இவங்க கவனக்குறைவா?"

அண்ணி தலையை நிமிர்த்தினார். அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை.

"அவளை எதுவும் கேக்காதீங்க! அவ தப்பு இல்ல. அவ மிதிக்கவே இல்ல, சும்மா காலை வெச்சா. அந்தப் பெடல் தேஞ்சுபோய் தானா இறங்கும். எங்க எல்லாருக்கும் தெரியும். மெஷினை நிறுத்திட்டா கூலி போயிடும்னு யாரும் வாயத் திறக்கல. யாருக்குச் சுட்டாலும் நான்தான் பாக்காம வெச்சேன்னு சொல்லுவோம். அஞ்சு தடவையும் அப்படித்தான் சொன்னேன். பழகிப்போச்சு. ஆஸ்பத்திரியிலயும் அதே வந்துடுச்சு. அவ தப்பும் இல்ல, என் தப்பும் இல்ல." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னார். "ஹீட்டர் சீறவே இல்லீங்க. எப்பவும் போலத்தான் குழாயைத் திறந்தேன். அது என் தப்பு இல்ல."

 நீதிபதி குமாஸ்தாவைப் பார்த்து, "அவங்க சொன்னதை அப்படியே எழுதுங்க. ஒரு வார்த்தை விடாம," என்றார். நான் அழுதுகொண்டிருந்தேன். வக்கீலம்மா எனக்குக் கைக்குட்டை கொடுத்தார், கொடுத்துவிட்டு அவரே திருப்பி வாங்கிக்கொண்டார்.

அந்தப் பேச்சுக்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. மறுநாளே சூப்பர்வைசர் குருவியைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அவள் இப்போது வேறொரு சலவைக்கடையில் நிற்கிறாள், அங்கேயும் பேசிக்கொண்டே இருக்கிறாள். பழைய இடத்தில் பெடலை மாற்றிவிட்டார்களாம். ஏன் மாற்றினார்கள் என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

தீர்ப்பு வந்த அன்று வக்கீலம்மாவின் அறையில் உட்கார்ந்திருந்தோம். கம்பெனிமேல் குற்றம் நிரூபணமாகிவிட்டது, ஆபரேஷன் செலவையும் நஷ்டஈட்டையும் அவர்கள்தான் தர வேண்டும் என்றார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எவ்வளவு என்று கேட்டார். அண்ணி அதைக் கேட்கவில்லை.

"என் தப்பு இல்லேன்னு எழுதியிருக்காங்களா?"

வக்கீலம்மா பக்கத்தைப் புரட்டி, விரல் வைத்துப் படித்தார்: மனுதாரரின் தரப்பில் கவனக்குறைவு ஏதும் இல்லை.

"இன்னொரு தடவை படிங்க."

படித்தார்.

"அப்ப அந்த ஆஸ்பத்திரிக் காகிதத்துல எழுதினதை அழிச்சுடுவாங்களா?"

"அதை அழிக்க முடியாதும்மா. அது அப்படியே இருக்கும். நாளைக்கு யாராவது கேட்டா இதைக் காட்டுங்க."

அண்ணி தலையாட்டினார். தீர்ப்பின் நகலை வாங்கி மேசைமேல் பரப்பி, நீட்ட முடியாத வலது கையால் ஓரத்தை அழுத்திக்கொண்டு, இடது கையால் மடித்தார். ஓரங்கள் சேரவில்லை. ஒரு பக்கம் நன்றாகவே கோணிக்கொண்டு வெளியே நீட்டியது. பிரித்து மறுபடி மடிக்கப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் ஒரு நிமிஷம் அதைப் பார்த்தார். பிறகு அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டு, "போலாம் பாப்பா," என்று எழுந்தார்.