தறிக்குழியில் படுத்த நாய்

அந்த நாயைப் பார்த்த எல்லோரும் சொறி என்றே சொன்னார்கள். சொறிக்கு எங்கள் பக்கத்தில் ஒரே வைத்தியம்தான்: லாரி ஷெட்டில் வடித்த கழிவு ஆயிலைத் தலையிலிருந்து வால்வரை பூசிவிடுவது. திருப்பரங்குன்றத்தில் நான் கால்நடை கிளினிக் திறந்த புதிதில், ஒரு சௌராஷ்டிர நெசவாளி அதை ஆயில் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து நிறுத்தினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"இது நாயா, வண்டியாண்ணே?"

"பிள்ளை கையிலயும் வட்டம் வட்டமா வந்துருச்சு டாக்டரம்மா. இந்த வைத்தியமும் கேட்கலைன்னா, தூரமா கொட்டாம்பட்டிப் பக்கம் கொண்டுபோய் விட்டுருங்கன்னு வீட்டுல சொல்லிட்டாங்க" என்றார். ஆயில் கையோடே நாயின் காதைத் தடவினார்.

குளிப்பாட்டிவிட்டு, முடி உதிர்ந்த ஒரு வட்டத்தின் ஓரத்தில் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். சொறிப்பூச்சி ஒன்றுகூட இல்லை. முடியைச் சுற்றிப் பூஞ்சை அப்பியிருந்தது. மனிதர்களுக்கு வரும் அதே படர்தாமரை! மருந்துக் குளியலும், நெய்ச்சோற்றில் வைத்துக் கொடுக்க மாத்திரையும் எழுதினேன். பிள்ளையைத் தோல் டாக்டரிடம் அனுப்பினேன்.

பிள்ளைக்குச் சரியாகிவிட்டது. நாய்க்கும் முடி முளைத்தது. மாத்திரையை நிறுத்தியதும் மறுபடி வட்டம். அதைக் காட்டிவிட்டு, "வாரேன் டாக்டரம்மா" என்று அவர் கிளம்பிய விதமே சரியில்லை. நாயைக் கொண்டுபோய் விடத்தான் போகிறார் என்று பயந்து, வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வீட்டுக்குப் போனேன்.

அவர் தறியில் உட்கார்ந்து, மிதிக்கட்டை இருக்கும் குழிக்குள் காலைத் தொங்கவிட்டார். நாய் உள்ளே குதித்து, அவர் பாதத்தின்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. கையை விட்டுப் பார்த்தேன். ஒரே ஈரம். வெயிலில் நூல் அறுந்துவிடக் கூடாதென்று தினமும் குழியில் தண்ணீர் தெளிப்பாராம். அடியில் ஊறிய பழைய சாக்கு வேறு.

"பூஞ்சையை வீட்டுக்குள்ளேயே வளர்க்கிறீங்களேண்ணே!" என்று கத்தினேன். கோபமா சந்தோஷமா என்று எனக்கே தெரியவில்லை.

சாக்கை எரித்தோம். அவர் கால் இறங்க மட்டும் இடம்விட்டு, குழியைப் பலகை போட்டு நாய் இறங்காதபடி மறைத்தோம். மருந்தை மறுபடி தொடங்கினோம். நாய் மொட்டை மாடிக்குப் போனது. முதலில் ஊளையிட்டுத் தெருவையே கூட்டியது. அவர் மனைவிதான் மாத்திரை வைத்த நெய்ச்சோற்றோடு மாடி ஏறிச் சமாதானம் செய்தார்.

சில வாரம் கழித்துக் கடைசியாக முடியைப் பிடுங்கிப் பார்த்தபோது பூஞ்சையின் சுவடே இல்லை. நான் போட்ட சத்தத்தில் நாயே குரைத்தது. பளபளவென்று நின்ற அதைக் கட்டிப்பிடித்தபடி அந்த அம்மாள் சொன்னார்: "நாய்க்கு இம்புட்டு நெய்யான்னு இவரு கேட்கிறாரு. உங்களை வேணும்னா கொட்டாம்பட்டியில விட்டுட்டு வாரேன்னுட்டேன்."