சம்பந்தியைத் தொலைத்த காலை

2004-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், நாங்கள் யாங்கோனில் பசுந்தாங் பக்கம் குடியிருந்தபோது நடந்தது இது. சிவகங்கைச் சீமையில் கட்டிக்கொடுத்த என் மகளின் மாமியார், ஊர் சுற்றிப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்.

என் மகள் யாங்கோனில் பிறந்து வளர்ந்தவள். பர்மிய மொழி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். "உங்க பொண்ணு வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடும் போல. கல்யாணமாகி ரெண்டு வருசம் ஆச்சு, முழுசா நாலு வார்த்தை பேசல" என்று சம்பந்தி வந்த அன்றே சிரித்துக்கொண்டு குறைபட்டார். எனக்குச் சுருக்கென்றது. மகளோ அத்தி பூத்தாற்போல் போனில் கிடைக்கும்போதெல்லாம் "நல்லா இருக்கேம்மா" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். இந்த அம்மாவின் மனதைக் குளிர வைத்து அனுப்பினால் அங்கே அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி கிடைக்கும் என்று திட்டம் போட்டேன்.

ஊர் காட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பது என் நினைப்பு. முதல் நாள் ஏரிக்கரை, மறுநாள் சுற்று ரயிலில் இன்சீன் வரை, அடுத்த நாள் த்வாண்டே போய்ப் பானை வனைவதைப் பார்த்தோம். எல்லாவற்றுக்கும் "நல்லாத்தான் இருக்கு" என்றார் சம்பந்தி. அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

நான்காம் நாள் காலை ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போனோம். அங்கே அவரவர் பிறந்த கிழமைக்கு ஒரு மூலை உண்டு. அங்குள்ள சிலைக்கு, நம் வயதைவிட ஒரு கிண்ணம் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றி வேண்டிக்கொள்வோம். "இங்கனயே நில்லுங்க சம்பந்தி, வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு என் செவ்வாய்க்கிழமை மூலையில் ஊற்ற ஆரம்பித்தேன். மகளை நினைத்து உருகியதில் எண்ணிக்கை தப்பி, மறுபடி முதலிலிருந்து ஊற்றினேன். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம்.

பகோடாவுக்கு நாலு திசையிலும் படிக்கட்டு. நாங்கள் ஏறி வந்த வாசலுக்கு ஓடினேன். அவர் செருப்பு அங்கேயே கிடந்தது. பர்மிய மொழியில் ஒரு வார்த்தை தெரியாது அவருக்கு. ஒரு துண்டுச்சீட்டில் வீட்டு விலாசம் எழுதிக் கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. மாமியாரைத் தொலைத்தவள் பெற்ற பெண் என்று என் மகள் காலமெல்லாம் பேச்சு வாங்குவாளே என்று பதறினேன். நாலு வாசலுக்கும் இறங்கி ஏறி, கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் விசாரித்து, ஒரு மணி நேரம் ஓடிப்போனது.

கடைசியாக மேலே வந்து நின்றபோது, பகோடாவைப் பெருக்கிப் புண்ணியம் தேடுகிறவர்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். தோளோடு தோள் நின்று, துடைப்பமும் கையுமாகத் தளம் முழுவதும் சுற்றி வருவது இங்கே வழக்கம். லுங்கி கட்டிய அந்தப் பெண்களுக்கு நடுவே ஒரு பட்டுப்புடவை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு என் சம்பந்தி மும்முரமாகப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதேன். "அங்க தொங்குற பெரிய மணியப் பாத்துட்டு வரலாம்னு போனேன், வழி தப்பிருச்சு. உக்காந்து அழுதுட்டிருந்தேன். கூடப் பெருக்குற இந்தப் பொண்ணுதான் 'அமே, லா பா'ன்னு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போச்சு. அம்மா வான்னுதான் சொல்லுதுன்னு நெனச்சுக்கிட்டேன். இவங்க சுத்திச் சுத்தி வர்றாங்க, கூடவே போனா நீங்க எங்க நின்னாலும் கண்ணுல படுவீங்கள்ல" என்றார். மேலும் கீழுமாக ஓடிய என் புத்திசாலித்தனத்தை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நிழலில் உட்கார்ந்தோம். சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சுத்தி அத்தனை பேரு பேசுறாங்க, ஒண்ணும் புரியல. நம்ம பேசினா சிரிப்பாங்களோன்னு வேற பயம். ஒரு மணி நேரத்துக்கே எனக்கு ஈரக்குலை நடுங்கிருச்சு சம்பந்தி. அந்தப் புள்ள ரெண்டு வருசமா எங்க வீட்டுல இப்படித்தான் நின்னுட்டு இருக்கு போல. வா தாயின்னு ஒரு நாளும் நான் கையப் புடிக்கல."

அவர் ஊர் திரும்பிய பிறகு வந்த முதல் போனில் என் மகள் தமிழும் பர்மியமும் கலந்து மூச்சு விடாமல் பேசினாள். பக்கத்தில் மாமியார் சிரிக்கும் சத்தமும் கேட்டது.

அதன் பிறகு எத்தனையோ விருந்தாளிகளுக்கு யாங்கோனைச் சுற்றிக் காட்டிவிட்டேன்; ஆனால் என் மகளை அவள் மாமியாருக்குப் புரியவைத்தது, நான் காட்டிய எந்த இடமும் அல்ல, நான் தொலைத்துவிட்டுத் தேடிய அந்த ஒரு மணி நேரம்தான்.