எக்ஸ்சேஞ்ச் யூனிஸ்

“இடது பக்கம் ஒண்ணு விட்டுட்ட” என்கிறார் ஜெயகரன். யூனிஸ் மோவாயை வெயிலுக்குத் திருப்பி, பிளக்கரால் தடவித் தேடி அந்த முடியைப் பிடுங்குகிறார். “இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன்காரரைக் கட்டிக்கிட்டா இதான். ஒண்ணையும் பாஸ் பண்ண மாட்டாவ.”

சிகந்திராபாத்தை ஒட்டிய குஷாய்குடாவில் எங்கள் எதிர்வீடு அவர்களுடையது. காலை வெளிச்சம் வாசற்படியில்தான் நன்றாக விழும் என்பதால், யூனிஸ் முகத்து முடியைப் பிடுங்குவது தெருவைப் பார்த்து உட்கார்ந்துதான். யார் வந்தாலும் கை நிற்காது. பால்காரர் அப்துல் ரஹீம் ஒருநாள் வாய்விட்டுக் கேட்டுவிட்டார். யூனிஸ் அவருடைய தக்னி உருதிலேயே ஏதோ பதில் சொல்ல, அவர் பால் சிந்தச் சிரித்தார். “என்ன சொன்னீங்க?” என்று நான் கேட்டேன். “ஹவ் பாய், உங்களுக்கும் தாடி, எனக்கும் தாடி. நீங்க வளர்க்கீங்க, நான் பிடுங்குதேன்னேன்.”

பக்கத்திலுள்ள எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் யூனிஸ் டெலிபோன் ஆபரேட்டர். தெலுங்கு, இந்தி, ஆங்கிலம், திருநெல்வேலித் தமிழ் எல்லாம் அந்தத் தொண்டையில் ஒரே தெளிவோடு வரும். எக்ஸ்சேஞ்ச் யூனிஸ் என்றால்தான் தொழிற்சாலையில் தெரியும். வேலையில் சேர்ந்தபோது முதலில் ரிசப்ஷனில் உட்காரச் சொன்னார்களாம். கெஞ்சிக் கூத்தாடி எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றிக்கொண்டார். “போன்ல மூஞ்சி தெரியாதுல்லா, அதுக்குத்தான்.”

வேலையில் சேர்ந்த அந்த வயதில் அவருக்கு மாதவிடாய் வந்தால் நிற்காது. நின்றால் அரை வருஷம் வராது. உடம்பு பெருத்தது, மேலுதட்டில் கறுப்புப் படர்ந்தது. தாயார் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த நர்ஸ் கதவைச் சாத்திவிட்டு, “கல்யாணம் ஆகாத பொண்ணு, உண்மையைச் சொல்லிடு” என்றாளாம். “நான் ஒரு பையன்கூட நின்னு பேசினது கிடையாது. அவ கேட்டது கூட வலிக்கல. அதைக் கேட்டுட்டு எங்கம்மா என்னைப் பாத்தா பாருங்க...” இதைச் சொல்லும்போது மட்டும் எக்ஸ்சேஞ்ச் குரலில் இன்றும் லைன் கொஞ்சம் இரைகிறது.

கல்யாணம் பண்ணினால் எல்லாம் சரியாகும் என்றார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் மோவாயைப் பார்த்துவிட்டுக் கேக் தின்று போனார்கள்.

சிகந்திராபாத்துக்கு ஸ்கேன் மெஷின் வந்த புதிதில், டாக்டர் ரமணி என்ற பெண்மணி யூனிஸின் வயிற்றைப் படம் பிடித்துப் பார்த்தார். “மாசாமாசம் சினைப்பையில ஒரு முட்டை வளர்ந்து வெளியே வரணும். உனக்குப் பாதியிலேயே நின்னுடறது. நின்னதெல்லாம் சின்னச் சின்ன நீர்க்கட்டியா ஓரமா உக்காந்திண்டிருக்கு. ஆண் ஹார்மோன் கொஞ்சம் கூடுதல், அதான் முடி. பாலிசிஸ்டிக் ஓவரின்னு பேரு. நீ ஒரு தப்பும் பண்ணலை.”

“எப்போ டாக்டர் சரியாகும்?”

“அடியோட போகாதும்மா. ஆனா உன் கைக்கு அடங்கும்.”

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்று தனியாகச் சிரித்தாராம். “எனக்கு மட்டுந்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். பேரே வச்சிருக்காவன்னா எத்தனை பேருக்கு இருக்கணும்!”

அதற்கடுத்து வந்த மாப்பிள்ளை ஜெயகரன். காப்பித் தட்டை நீட்டுவதற்கு முன்பே யூனிஸ் எல்லாவற்றையும் கூடத்தில் வைத்துச் சொல்லிவிட்டார்: மாதம் தவறும், முடி வளரும், பிள்ளை பிறக்கலாம், பிறக்காமலும் போகலாம். ஜெயகரனின் தாயார் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஜெயகரன் எழவில்லை. “முடியைப் பிடுங்கினா வலிக்குமா?” என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. “முதல்ல வலிக்கும்” என்றார் யூனிஸ். ஜெயகரன் தட்டிலிருந்து காப்பியை எடுத்துக்கொண்டார்.

கைக்கு அடக்குவது லேசாக இல்லை. கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு வேலைக்கு நடந்தே போகிறார். சோற்றைக் குறைத்து, பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாவிடம் ஜொன்ன ரொட்டி என்கிற சோள ரொட்டி தட்டக் கற்றுக்கொண்டார். கல்யாண வீட்டில் டபுள் கா மீட்டா என்கிற ரொட்டி இனிப்பு வந்தால் “நக்கோ, நக்கோ” என்று கையால் இலையை மறைப்பார். பிறகு ஜெயகரன் இலையிலிருந்து ஒரு வாய் எடுத்துக்கொள்வார். டாக்டர் தந்த மாத்திரையில் ஒருமுறை கரு தங்கிக் கலைந்தது. அப்போது கொஞ்சநாள் எதிர்வீட்டு வாசலில் யாரும் உட்காரவில்லை. பிறகு ஒரு காலை, கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு மறுபடி தெருவில் இறங்கினார். “சில மாசம் அது ஜெயிக்கும், சில மாசம் நான் ஜெயிப்பேன். இப்போல்லாம் நான்தான் கூட.”

அவர்கள் சபையில் வருஷம் ஒரு ஞாயிறு பெண்களுக்கானது. பிள்ளையில்லாத பெண்களை முன்னால் அழைத்து, முழங்காலிடச் சொல்லி ஜெபிப்பார்கள். கல்யாணமான நாள் முதல் யூனிஸும் போய் முழங்காலிட்டு வந்தவர். இந்த வருஷம் என்னையும் கூட்டிப்போயிருந்தார். பெண்கள் சங்கத் தலைவி ஜூடித் அம்மாள் மைக்கில் பெயர் சொல்லி அழைத்ததும் யூனிஸ் எழுந்து போனார். முழங்காலிடவில்லை. கையை நீட்டினார்.

“அக்கா, மைக்கைக் கொஞ்சம் தாங்க.”

எக்ஸ்சேஞ்ச் குரல் கோயில் முழுக்க நிறைந்தது. “எனக்காக இத்தனை வருஷமா ஜெபம் பண்ணுதீங்க, சந்தோஷம், இன்னமும் பண்ணுங்க. ஆனா எனக்கு என்னன்னு ஒருத்தரும் கேக்கல. நானே சொல்லுதேன். கர்த்தர் என் கர்ப்பத்தை அடைக்கல. என் சினைப்பையில நீர்க்கட்டி இருக்கு. இது சாபம் இல்ல, ஒரு கோளாறு. டாக்டர் உண்டு, மருந்து உண்டு, நடக்க ரோடு உண்டு. இங்க இருக்கிற பிள்ளைகள்ல யாருக்காவது மாசம் தவறினா, மோவாயில முடி முளைச்சா, பயப்படாதீங்க. எங்கிட்ட வாங்க. நான் கூட்டிட்டுப் போறேன்.”

ஆண்கள் பக்கத்தில் அத்தனை பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். மூப்பர் மோசஸ் இருமினார். ஜூடித் அம்மாள் யூனிஸ் கையிலிருந்த மைக்குக்குக் குனிந்து, “ஆமென்” என்றார். பெண்கள் பக்கம் முழுவதும், ஓர் அலை எழும்புவதுபோல், “ஆமென்” என்றது.

ஆராதனை முடிந்து, பந்தலில் பிரியாணி மணக்க, யூனிஸைச் சுற்றி ஒரே கூட்டம். ஜெயகரன் இரண்டு தட்டுகளோடு எட்ட நின்று சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு தாய் நெருக்கியடித்து வந்து, தாவணி போட்ட மகளை முன்னால் தள்ளி, “இவளுக்குத்தாம்மா, மூணு மாசமா...” என்று எல்லார் காதிலும் விழும்படி ஆரம்பித்தார்.

“இருங்கக்கா, அவ சொல்லட்டும்” என்றார் யூனிஸ். கூட்டத்துக்கு முதுகைத் திருப்பி, முந்தானையைக் கையோடு விரித்து அந்தப் பெண்ணை மறைத்துக்கொண்டு, அவள் வாயருகே தன் காதைத் தாழ்த்தினார்.