அமாவாசைக்கு முந்தின நாள் அறுத்த கட்டி

தொண்டூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா தன் நாயைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு என் கால்நடைக் கிளினிக்குக்கு வந்தது, அமாவாசைக்கு முந்தின நாள் காலை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் அமாவாசை ஸ்பெஷல் பஸ்கள் அப்போதே ஹாரன் அடித்துக்கொண்டு போகத் தொடங்கியிருந்தன.

"ரெண்டு மாசமா கடுவன் நாயிங்க எங்க வூட்ட வுட்டுப் போவல டாக்டரம்மா. வேர்க்கடலக் கொல்லைய மெதிச்சி நாசம் பண்ணுதுங்க. பக்கத்துக் கொல்லைக்காரரு தெனம் சண்டைக்கி வராரு. எங்க வூட்டுக்காரரு, நாளைக்கி இத மேல்மலையனூர் கூட்டத்துல வுட்டுட்டு வந்துடுவேன்றாரு."

வருவது ஆண்நாய்கள், வீட்டைவிட்டுப் போகவேண்டியது பெண்நாய். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அன்றைக்கு நாயைப் பார்த்ததும் நின்றுவிட்டது. வயிறு ஒருபக்கம் உப்பியிருந்தது. பின்னால் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. நாய்க்குப் பருவம் சாதாரணமாக மூன்று வாரம்தான் நீடிக்கும். இரண்டு மாதம் என்றால், உள்ளே ஏதோ ஒன்று அதை விடாமல் தூண்டிக்கொண்டிருக்கிறது. ஸ்கேன் செய்தேன். இடப்பக்கம், சிறுநீரகத்தை ஒட்டி, சினைப்பை இருக்கவேண்டிய இடத்தில் உரித்த தேங்காய் அளவுக்கு ஒரு கட்டி.

"இது பருவமில்லம்மா, நோய். பரவாம இருந்தா எடுத்துடலாம். ஆனா மேசையிலயே உயிர் போனாலும் போகலாம்."

அந்த அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கூட்டத்துல வுட்டா எப்படியும் செத்துடும். அறுங்க," என்றார்.

ராத்திரியிலிருந்து நாய் எதுவும் தின்னவில்லை என்பதால் மயக்க மருந்துக்குத் தடையில்லை. ரத்தப் பரிசோதனையும் தாங்கும் என்றது. வயிற்றைத் திறந்தேன். கட்டியின் தோல் மெல்லியதாக, நரம்போடிப் பளபளத்தது. உடைந்தால் உள்ளே இருப்பது வயிறெங்கும் சிதறிவிடும். பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் ஏந்தி மெல்ல வெளியே கொண்டுவந்தேன்.

ரத்தக்குழாயைக் கட்டி அறுத்த நேரத்தில்தான் வெளிக்கதவு அதிர்ந்தது. அந்த அம்மாவின் வீட்டுக்காரர் தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

"யாரக் கேட்டு எங்க நாய அறுக்கறீங்க? கதவத் தெறங்க!"

அதே நேரம் முடிச்சு நழுவியது. அறுத்த முனை உள்ளே இழுத்துக்கொள்ள, வயிறு முழுக்க ரத்தம் தேங்கிவிட்டது. "துடிப்பு குறையுது மேடம்," என்றார் மயக்கத்தைக் கவனித்துக்கொண்டிருந்த என் உதவியாளர். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, விரலால்தான் தேடினேன். சிறுநீரகத்துக்குக் கீழே சூடாக ஏதோ துடித்தது. அழுத்திப் பிடித்தேன். ரத்தம் நின்றது. மறுபடி கட்டி, அதற்குமேல் இன்னொரு கட்டும் போட்டேன். மற்றொரு சினைப்பையையும் கர்ப்பப்பையையும் எடுத்தேன். ஈரலைத் தடவிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிந்தவரை எங்கும் பரவவில்லை.

தையல் முடிந்ததும் கட்டியைத் தட்டில் வைத்து வெளியே எடுத்துப் போய் அந்த மனிதர் முன் நீட்டினேன்.

"பாருங்க. உங்க கொல்லைக்கு அத்தனை நாயையும் கூட்டினது இதுதான்."

அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "நோவுன்னு தெரியாதுங்களே. திமிருன்னு நெனச்சிட்டேன்," என்றவர், உள்ளே போய் மயக்கத்திலிருந்த நாயின் தலைமாட்டில் குந்திக்கொண்டார்.

நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா பக்கத்தில் வந்து நின்றார். குரல் மெல்லத்தான் வந்தது.

"எனக்கும் ஆடி மாசத்துலேர்ந்து ரத்தம் நிக்கல டாக்டரம்மா. வயிறும் கல்லு மாதிரி கீது."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். ஒடம்பு சூடுன்னு எளநி வாங்கியாந்து குடுத்தாரு."

வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "நாய் இன்னைக்கு இங்கயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன். நீங்க இப்பவே இவங்களப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"இவளுக்கு இன்னா?" என்று ஆரம்பித்தவர், நான் வாயைத் திறப்பதற்குள் மேசைமேல் கட்டியோடு இருந்த தட்டைப் பார்த்தார். பிறகு மனைவியின் வயிற்றைப் பார்த்தார். செருப்பைக்கூடப் போடாமல் ஆட்டோ பிடிக்க ஓடினார்.