பனியனுக்கு மேல் கை வைத்தால் காய்ச்சல் தெரியாது

போன வாரம் கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடை. துண்டு வாங்கப் போன என்னை ஒருவர் வழிமறித்தார். திருக்கோவிலூர்க்காரர். நாற்பது வயது இருக்கும். கையில் குழந்தைகள் பனியன் — அரை டஜன், பிளாஸ்டிக் கவரோடு.

"சார், நீங்கதான அந்தப் பத்தி எழுதறவரு? போட்டோவுல பாத்த மாதிரியே இருக்கீங்க. கொஞ்சம் கம்மியா இருக்கீங்க, அவ்ளோதான்."

எது கம்மி என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"உங்க எழுத்தாலதான் சார் இந்த பனியனு. எங்க வூட்ல ஒரே சண்ட."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி உடனே பிடித்துக்கொண்டார். "பின்ன இன்னாங்க? இந்த வெயில்ல புள்ள மேல ஒரு துணி நிக்க மாட்டேங்குது. உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னா வெந்து போயிடாது? கேட்டா, பேப்பர்லயே போட்டுட்டாங்கன்றாரு. பேப்பர்ல போட்டவரா வந்து துவைக்கப் போறாரு?"

"நீ சும்மா இரு. சாரே எதிர்ல நிக்கறாரு, கேட்டுக்க. சொல்லுங்க சார்... போடணுமா, வேணாமா?"

இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

நான் என்ன சொன்னேன்? "பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சுங்க" என்றேன். எனக்கு எந்த பஸ்ஸும் இல்லை. வீடு நடக்கிற தூரம்தான். துண்டு வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

அந்தத் தம்பதிக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே சொல்கிறேன். இரண்டு மாதமாகச் சொல்லாமல், வேறு எதையெதையோ எழுதி ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன்.

பனியன் பற்றி நான் எழுதியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். போன ஐப்பசி மழையில், இதே பக்கத்தில். குழந்தைகளுக்குச் சட்டைக்குள் பனியன் கட்டாயம்... வியர்வையை உறிஞ்சும், நெஞ்சில் குளிர் ஏறாது, பார்க்கவும் ஒரு ஒழுங்கு... பாராட்டி நிறையக் கடிதம் போட்டீர்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்தது.

ஆனால் உண்மையான காரணத்தை அதில் நான் எழுதவில்லை.

எலவனாசூர்கோட்டையில் எட்டாம் வகுப்பு. அப்பாவுக்கு அடுத்தவர் வயலில் கூலி வேலை. பி.டி. பீரியட் வந்தால் வாத்தியார் சொல்வார் — "சட்டையக் கழட்டி வச்சிட்டு பனியனோட வாங்கடா." கபடியில் சட்டை கிழிந்தால் வீட்டில் கேட்பார்களாம். பனியன் போட்டிருந்தவர்கள் இரண்டு அணியாகப் பிரிவார்கள். பனியன் இல்லாத நாங்கள் நாலைந்து பேர் மூன்றாவது அணி. எங்களுக்கு ஒரே ஆட்டம்தான்... கழற்றி வைத்த சட்டைகளுக்குக் காவல் இருப்பது.

நான் நன்றாகக் கபடி ஆடுவேன். அது அந்தப் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது.

இப்போது எனக்கு நாற்பத்தெட்டு. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்தவன் கவின். நாலு வயது. அவன் பிறந்த பத்தாம் நாளே பனியன் வாங்கி வந்துவிட்டேன். "கைக்குழந்தைக்கு எதுக்குங்க?" என்று மனைவி விமலா கேட்டாள். எதுக்கு என்று அவளிடம்கூட நான் சொன்னதில்லை. பீரோவில் ஒரு தட்டு முழுக்க அவன் பனியன்கள். சலவை வெள்ளை. மடிப்பு கலையாமல் நானே அடுக்குவேன்.

ஆக, வியர்வையாவது, குளிராவது? நான் எழுதியது உடல்நலக் குறிப்பே இல்லை. ஒரு பி.டி. வாத்தியாருக்கு முப்பத்தைந்து வருஷம் கழித்துச் சொன்ன பதில்.

சரி, நடந்ததற்கு வருகிறேன்.

தை மாதம். கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம், என்னோடு வேலை பார்க்கும் நண்பரின் புது வீட்டுக் கிரகப்பிரவேசம். விமலாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கவினை நான் மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். போன அன்றே தூறல். நல்ல குளிர். மறுநாள் காலையில் அவனுக்கு மூக்கு ஒழுகியது.

நான் சும்மா இருப்பேனா? ஒரு பனியன். அதற்கு மேல் இன்னொரு பனியன். முழுக்கைச் சட்டை. ஸ்வெட்டர். காதை மூடும் குல்லா.

விமலா போனில் கேட்டாள். "மூக்கு ஒழுகுதுன்னா காய்ச்சல் இருக்கப் போவுது. தொட்டுப் பாத்தீங்களா?"

"எல்லாம் பாத்தாச்சு."

"ரொம்பப் போட்டு மூடாதீங்க."

"எனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும்... எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது பாருங்கள்.

பத்து மணி பஸ். ஜன்னலோரத்தில் நான், மடியில் கவின். பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். மலையூர்ப் பெண், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கீழே கரும்பு வெட்டப் போகிற கூட்டத்தில் ஒருவர். மற்றவர்கள் முன் சீட்டுகளில் இருந்தார்கள். அவர் மடியில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. மேலுக்கு ஒரு பழைய கவுன், இரண்டு பட்டன் இல்லை. உள்ளே ஒன்றுமில்லை.

ஊருக்கே அறிவுரை எழுதுகிறவனுக்கு வாய் நிற்குமா?

"ஏம்மா, இந்தக் குளிர்ல குழந்தைக்கு உள்ள ஒரு பனியன் போடக் கூடாதா? நெஞ்சுல சளி கட்டிக்குமே."

அவர் தன் குழந்தையைப் பார்த்தார். அப்புறம் கவினைப் பார்த்தார் — மேலிருந்து கீழே, நிதானமாக.

"சாரு புள்ளைக்கு எத்தினி போட்டுருக்கீங்க?"

"நாலு."

"இன்னா சார் இது, வெங்காயமாட்டம். உரிச்சிக்கினே போனா உள்ள புள்ள இருக்குதா?"

முன் சீட்டில் சிரிப்பு. அங்கிருந்து ஒரு அம்மா திரும்பினார். "கரும்புக்கே காஞ்ச சோகைய உரிச்சி வுடறோம் சார். காத்து பட்டாதான் நல்லா வரும்."

மறுபடியும் சிரிப்பு. எனக்குச் சுருக்கென்றது. "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். படிக்காதவர்கள், இவர்களிடம் என்ன பேச்சு என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்.

பஸ் வளைந்து வளைந்து இறங்கியது. கோமுகி அணையைத் தாண்டும்போது குளிர் விட்டுவிட்டது. வெயில் ஜன்னல் வழியாக நேராக மடியில் விழுந்தது. கவின் அசையாமல் தூங்கினான். படுத்தாமல் வருகிறானே என்று எனக்குப் பெருமை. அவன் உடம்பு கதகதவென்றுதான் இருந்தது. கம்பளிச் சூடு என்று நினைத்துக்கொண்டேன்.

வடக்கனந்தல் வரப்போகிற நேரம். அவன் கால் என் முட்டியை உதைத்தது. கனவு காண்கிறான் போல. இன்னொரு உதை. அப்புறம் நிற்கவே இல்லை. கை, கால், தாடை எல்லாம் வெட்டி வெட்டி இழுத்தன. கண் மேலே செருகிவிட்டது. பல் கிட்டிப்போயிற்று. வாயோரம் நுரை.

எம்.எஸ்ஸி. படித்தவன் நான். என்ன செய்தேன் தெரியுமா? சட்டைப் பையில் வீட்டுச் சாவியைத் தேடினேன். வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும்... அந்த நிமிஷத்தில் என் படிப்பு மொத்தமும் எனக்குச் சொன்னது அதைத்தான். பின்னாலிருந்து யாரோ ஒரு சாவிக்கொத்தை நீட்டினார். "இரும்பக் குடுங்க, இரும்பக் குடுங்க" என்று நாலு குரல்.

சாவிக்கொத்தைத் தட்டிவிட்டது அந்தப் பெண்ணின் கை. தன் குழந்தையை முன் சீட்டில் கொடுத்துவிட்டு எழுந்தார். கவினை என் மடியிலிருந்து எடுத்து, சீட்டில் ஒருக்களித்துப் படுக்க வைத்தார். குல்லாவைப் பிடுங்கினார். ஸ்வெட்டர் பட்டனில் கை வைத்தார்.

அப்போது நான் ஒன்று சொன்னேன். எழுதக் கூசுகிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

"கைய எடு. என் பிள்ளை மேல கை வைக்க நீ யாரு?"

அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அப்பறமா திட்டு சார். மொதல்ல தலையப் புடி, கம்பில இடிக்குது."

பிடித்தேன்.

ஸ்வெட்டர் போயிற்று. சட்டை போயிற்று. பனியன் இரண்டும் வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டிக்கிடந்தன. கை விறைத்திருந்ததால் தலை வழியாகக் கழற்ற முடியவில்லை. அவர் குனிந்து, கழுத்துப் பட்டியைப் பல்லால் கடித்து, இரண்டு கையாலும் இழுத்துக் கிழித்தார். ஒன்று. அப்புறம் இன்னொன்று. அதற்குப் பிறகுதான் அன்றைக்கு முதல் முறையாக என் உள்ளங்கை என் பிள்ளையின் வெறும் நெஞ்சில் பட்டது.

கொதித்தது.

யாரோ தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். அவர் முந்தானையை நனைத்து அவன் கழுத்தையும் அக்குளையும் துடைத்தார். துடைத்துக்கொண்டே பேசினார்.

"வாயில ஊத்தாத சார், பொரையேறிடும். வாயில ஒண்ணும் வைக்காத. தானா நின்னுரும். எம் மொதப் புள்ளைக்கும் இப்பிடித்தான்... கம்பிளிய சுத்திக்கினு மடியில வச்சி உக்காந்துக்கினு இருந்தேன். ஊசி போட வர்ற நர்சம்மா பாத்துட்டு, திட்டுச்சு பாரு ஒரு திட்டு. ஏழு ஊருக்குக் கேட்டுருக்கும். இப்ப மூணாவது படிக்கிறான்."

நின்றது. மூன்று நிமிஷமோ, நாலு நிமிஷமோ. கவின் தொய்ந்துபோய்க் கிடந்தான். மூச்சு இருந்தது. அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்... நெஞ்சு ஏறுகிறதா, இறங்குகிறதா.

டிரைவர் எந்த ஸ்டாப்பிலும் நிறுத்தவில்லை. வழியில் இருந்த ஒரு ஆஸ்பத்திரி வாசலில்தான் பிரேக் போட்டார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குதித்தேன். "சார், பையி" என்று ஜன்னல் வழியாக என் பையையும் ஸ்வெட்டரையும் போட்டார் அந்தப் பெண். கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் போய்விட்டது.

பெயர் கேட்கவில்லை. நன்றி சொல்லவில்லை. அவரிடம் நான் பேசியதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு அறிவுரை, ஒரு அதட்டல். அவ்வளவுதான்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். காய்ச்சலைக் குறைக்க மருந்து கொடுத்து, ஒரு மணி நேரம் கூடவே இருந்து பார்த்தார். கவின் கண் திறந்து "அம்மா எங்க?" என்று கேட்ட பிறகுதான் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"காய்ச்சல் ஏறும்போது சில குழந்தைங்களுக்கு இப்படி வரும் சார். பெரும்பாலும் வளர வளர நின்னுடும். ஆனா இனிமே காய்ச்சல் வந்தா திரும்பவும் வரலாம். கவனமா இருக்கணும்."

"நான் நிறைய துணி போட்டுட்டேன் டாக்டர். அதனாலதான்..."

ஆமாம் என்று அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பழியைத் துணி மேல் போட்டுவிட்டு எழுந்திருப்பேன்.

"துணியாலதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாது. காய்ச்சல் எப்ப இருந்து?"

"தெரியல."

"காலைல தொட்டுப் பாக்கலையா?"

"பாத்தேன்."

"எங்க தொட்டீங்க?"

மடியில் சுருட்டி வைத்திருந்த ஸ்வெட்டரைக் காட்டினேன். "இதுக்கு மேல."

அவர் எழுதுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். திரும்பவும் எழுத ஆரம்பித்தார்.

மத்தியானம் விமலா வந்தாள். பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுது முடித்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். "பாத்தாச்சுன்னு சொன்னீங்களே?" அதற்குப் பிறகு இன்றுவரை அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம்.

திருக்கோவிலூர் நண்பரே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். போடணுமா, வேணாமா? மழைநாளில் மெல்லிய பருத்திப் பனியன் ஒன்று போடுங்கள், தப்பில்லை. வேர்த்து நனைந்தால் மாற்றுங்கள். இந்த வெயிலுக்கு வேண்டாம். உங்கள் வீட்டம்மா சொன்னதுதான் சரி. காய்ச்சல் அடித்தால் லேசாக ஒரு துணி போதும். நான் எழுதியதைக் காட்டி அவரோடு சண்டை போடாதீர்கள்.

ஆனால் கோளாறு பனியனில்தானா? காலையில் ஸ்கூல் வேன்களைப் பாருங்கள். சித்திரை வெயிலில் டை, பெல்ட், சாக்ஸ், ஷூ... எந்தக் குழந்தை கேட்டது? நமக்கு எதெல்லாம் கிடைக்காமல் போனதோ அதையெல்லாம் பிள்ளை மேல் மாட்டிவிடுகிறோம். பட்டனைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்று அழகு பார்க்கிறோம். பிள்ளைக்குப் பிடிக்கிறதா, புழுங்குகிறதா? கேட்பதில்லை. கேட்டால், நமக்காகத்தான் போட்டோம் என்பது தெரிந்துவிடும்.

கவின் நன்றாக இருக்கிறான். பீரோவில் அந்தத் தட்டு காலி. விமலா எடுத்து யாருக்குக் கொடுத்தாளோ, நான் கேட்கவில்லை.

நான்தான் நன்றாக இல்லை. ஒரு நாளைக்குப் பத்து முறை அவனைத் தொட்டுப் பார்க்கிறேன். சாப்பிடும்போது, விளையாடும்போது, பல் தேய்க்கும்போது... வழியில் மறித்துச் சட்டைக்குள் கையை விடுகிறேன். நெளிகிறான். சிணுங்குகிறான். பாவம்.

நேற்றுச் சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தேன். ஹாலில் பொம்மை லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் லாரியை ஓரமாக நிறுத்தினான். எழுந்து வந்தான். தானே சட்டையைக் கழுத்துவரை தூக்கிக்கொண்டு நின்றான்.

"சீக்கிரம் தொட்டுக்கப்பா. லோடு ஏத்தணும்."

தொட்டேன். சூடு இல்லை. இன்னொரு முறை தொட்டேன்.