மூன்றாவது தெய்வம்

செவ்வாய்க்கிழமைகளில் காலை பதினொரு மணிக்கு ஈஸ்ட் ஹாம் நூலகத்தில் பழங்கதை வாசிப்புக் குழு கூடும். நாங்கள் பதினொரு பேர். அதில் தமிழர் மூவர்: நான், என் மனைவி, நோர்வேயில் பத்தொன்பது வருடம் இருந்துவிட்டு ஃபாரஸ்ட் கேட்டில் கடை போட்டிருக்கும் ஒருவர். என்னைவிட ஆறு வயது இளையவர். என் மனைவியின் ஊர்க்காரர். அவளை அக்கா என்பார், என்னை அண்ணை என்பார். அவர் பேசும்போது அவள் சிரிப்பாள். ஒரு கூட்டத்தில் நான்கு முறை. அந்த மாதம் முழுவதும் எனக்குக் கிடைத்தவை இரண்டு.

அப்போது ஐஸ்லாந்தின் பழைய சத்தியம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தோம். வழக்கு மன்றத்துக்கு வருபவர் இரத்தம் தோய்த்த வளையத்தைத் தொட்டு, ஃப்ரேயரும் நியோர்டும் எல்லாம் வல்ல அந்தத் தெய்வமும் எனக்குத் துணை நிற்கட்டும் என்பார். முதல் இருவருக்குப் பெயர் உண்டு. மூன்றாவது தெய்வம் யார்? தோர் என்றார்கள் ஆறு பேர், ஓடின் என்றார்கள் மூன்று பேர். எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. உல்லர் என்ற தெய்வத்தின் வளையத்தில் சத்தியம் செய்வது வேறொரு பழம்பாடலில் வருகிறது. அதை அதற்குப் பிறகு ஐந்து நாள் தேடிக் கண்டுபிடித்தேன். மனைவியிடம் மட்டும் சொல்லி, அடுத்த கூட்டத்துக்கு வைத்திருந்தேன்.

அடுத்த வாரம் நான் கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் கடைக்காரர் எழுந்து உல்லர் என்றார். அதே பாடல், அதே வளையம். குழுவை நடத்தும் அம்மையார் கை தட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"நீர் தானே அவருக்குச் சொன்னனீர்?"

"என்னத்தை?"

"உல்லரை."

"உங்களுக்கென்ன விசரே? அந்தாள் நோர்வேயில இருந்தவர். அவருக்குத் தெரிஞ்சிருக்கும்தானே?"

"சத்தியம் பண்ணும்."

"அம்மாளாணை, நான் ஒண்டும் சொல்லேல்லை."

அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னால் முடியவில்லை.

"எந்த அம்மாள்?"

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "அதென்ன கேள்வி? எங்கட ஊர் அம்மாள்தான்."

கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருடம். அவள் அம்மாளாணை என்னும்போதெல்லாம் என் ஊர் அம்மன்தான் சாட்சி என்று நினைத்திருந்தேன். அவள் சொன்னது உண்மை என்பது உடனே தெரிந்துவிட்டது. பிறந்த ஊர் அம்மனை வைத்துப் பொய் சொல்ல மாட்டாள். ஆனால் அது அவருடைய ஊர் அம்மனும்தானே.

மூன்றாவது தெய்வம் யார் என்பதற்கும் அதிலேயே விடை கிடைத்துவிட்டது. அந்த மன்றத்தில் சுற்றி நின்ற எவரும் எந்தத் தெய்வம் என்று கேட்டிருக்க மாட்டார்கள். அந்த ஊர்க்காரர்களுக்குப் பெயர் தேவைப்படவில்லை. இடத்துக்கு இடம் தெய்வம் மாறியிருக்கலாம். வெளியாட்களான நாம்தான் தேடுகிறோம்.

மூன்றாம் செவ்வாய் இதைச் சொன்னேன். அம்மையார் தம் நோட்டில் எழுதிக்கொண்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். கடைக்காரர் என் பக்கம் குனிந்து, "சரியாச் சொன்னியள் அண்ணை. எங்கட ஊரிலயும் அப்பிடித்தான். அம்மாளாணை எண்டால் ஆரெண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. என்னக்கா?" என்றார்.

"ஓமோம்," என்று என் மனைவி சிரித்தாள். ஐந்தாவது முறை.

பஸ்ஸில் வரும்போது அந்த அம்மாளின் கோயில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"நீங்கள் எனக்குத் தாலி கட்டின கோயில், அப்பா. அதையும் மறந்திட்டியளே?"

மறந்துதான் போயிருந்தேன். எங்கள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் என்பது மட்டும் நினைவிருக்கிறது. சாப்பாட்டுப் பந்தியில் இலைகளை நானே எண்ணினேன்.

"அவரும் வந்தவரோ?"

"வராமல்? பாயசம் வாளியோட பந்தியில ஓடித்திரிஞ்சதே அவர்தான்."

அப்படியானால் என் இலைக்கும் அவர்தான் ஊற்றியிருக்கிறார்.