கம்பெனி பஸ்ஸில் அலைச்சறுக்கு

மாதனூரிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் பஸ்ஸில், இடம் காலியாக இருந்தாலும் நானும் என் தோழியும் உட்கார மாட்டோம். கம்பியைப் பிடிக்காமல், முழங்காலை லேசாக மடக்கி நிற்போம். அந்தமான் பக்கம் ஏதோ ஒரு தீவில் பலகைமேல் நின்று அலையில் சறுக்குகிறவர்களை செல்போனில் பார்த்ததிலிருந்து பிடித்த பைத்தியம் அது. பொங்கல் லீவுக்குக் கிளம்புவதாகத் திட்டம். கப்பல் எங்கே ஏறுவது, வீட்டில் என்ன பொய் சொல்வது என்பதுவரை பேசி முடித்திருந்தோம்.

"இன்னாம்மா, சீட்டு இருக்குதே, குந்துங்களேன்" என்றார் டிரைவர். விஷயத்தைச் சொன்னோம்.

"நீச்சல் தெரியுமா?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறந்ததிலிருந்து பாலாற்றில் மணலைத்தான் பார்த்திருக்கிறோம். நீச்சல் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வரவில்லை. எனக்கு வந்த கோபம் டிரைவர்மேலா, ஆற்றின்மேலா, தெரியாது. அவள்தான் முதலில் சிரித்தாள்.

"கத்துக்கினா போச்சு" என்றாள்.

அந்தப் பொங்கல் வருவதற்குள் அவள் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். பஸ்ஸில் நான் உட்கார்ந்தே போக ஆரம்பித்தேன். பாலாற்றில் வெள்ளம் வந்த வருஷம், பாலத்தில் நின்று வீடியோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். வேறெதுவும் எழுதவில்லை.

உடனே பதில் வந்தது: "லீவு போடு, வர்றேன்."